மதகு மூடியிருந்த நாளின் படம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தில் இருந்து ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்தில் இருந்து கேட்டார்கள். கேட்ட பிள்ளை மிக மரியாதையாக, "அந்தக் காலத்துல டேட்டா எல்லாம் டேப்ல வருமாமே மேடம், அதையெல்லாம் எழுதுங்களேன்" என்றது. எழுத மாட்டேன். டேப்பைப் பற்றி எழுதினால் உங்களுக்குச் சிரிப்பு வரும், எனக்கு அவற்றைத் தூக்கி அலைந்த முதுகுவலி ஞாபகத்துக்கு வரும். செயற்கைக்கோள் அனுப்புவதைத் திருத்தி, வண்ணம் பூசி, கடலில் எங்கே என்ன இருக்கிறது என்று காட்டும் வேலையை இப்போது உங்கள் மடிக்கணினியே பார்த்துக்கொள்கிறது. அது பார்த்துக்கொள்ளாத ஒரு வேலை உண்டு. அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் இந்த நிறங்களைப் பற்றி. கடலில் நுண்பாசி குறைவாக இருந்தால் நீலம் போடுவோம். கூடக்கூடப் பச்சை, மஞ்சள், கடைசியில் சிவப்பு. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பாசியைத்தான் சின்ன மீன் தின்கிறது, சின்ன மீனைப் பெரிய மீன் தின்கிறது. ஆகவே நம் அலுவலகத்து ஆட்களுக்குச் சிவப்பு என்றால் சாப்பாடு தயார் என்று அர்த்தம். தரையை மொத்தமாகக் கறுப்பாக்கிவிடுவோம். அப்படிக் கறுப்பும் சிவப்புமாக இருந்த படம் ஒன்று கோட்டைக்குப் போக இருந்தபோது, நிர்வாகப் பிரிவில் ஒருவர், "கொடி மாதிரி இருக்கே, ஆட்சி மாறினா வம்பாயிடாதா?" என்று கவலைப்பட்டார். நம் மாநிலத்தில் யார் வந்தாலும் கறுப்பும் சிவப்பும் போகாது சார் என்று சொல்லி அவரைத் தேற்றினோம். ஆட்சி மாறியது, படத்தை மாற்ற வேண்டி வரவில்லை.

ஆனால் கரையோரத்துச் சிவப்பை அப்படியே நம்பக் கூடாது. மழைக்காலத்தில் ஆறும் வடிகாலும் கொண்டுவந்து கொட்டும் வண்டலைப் பாசி என்று எண்ணிச் செயற்கைக்கோள் ஏமாந்துபோகும். இது உங்கள் பாடத்திலேயே இருக்கிறது. பாடத்தில் இருப்பது பரீட்சையில் ஞாபகம் வரும். கலெக்டர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, அதுவும் பக்கத்து வரிசையில் சொந்த அண்ணன் இருக்கும்போது வருமா என்பதுதான் விஷயம்.

எங்கள் பிரிவுத் தலைவர் நாகூர்க்காரர். வீட்டில் மற்றவர்கள் கடை, சிங்கப்பூர், சவுதி என்று போய்விட, இவர் மட்டும் கடலைக் காகிதத்தில் பார்க்க வந்தவர். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. நாங்கள் புதுப் படத்தைக் கொண்டுபோனால் வாங்கிய கையோடு மேசை மேல் கவிழ்த்துப் போட்டுவிடுவார். "எந்த நாளு? மேகம் எவ்வளவு? காத்து எப்படி?" என்று கேட்பார். மூன்றுக்கும் பதில் வந்த பிறகுதான் புரட்டுவார். அழகாக ஒரு படம் செய்து எடுத்துக்கொண்டு ஓடி வந்த எங்களுக்கு எரிச்சலாக இருக்கும். நிறத்தைப் பார்த்துவிட்டால் மனசு கதை கட்ட ஆரம்பித்துவிடும், பிறகு தேதியைக் கேட்டாலும் அந்தக் கதைக்குத் தோதாகத்தான் கேட்போம் என்பது அவர் கணக்கு.

இனி என் ஊருக்கு வருகிறேன். திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, கடல் பக்கம். அப்பா பண்ணையாளாக இருந்தவர். கூலி கேட்டும் குத்தகை உரிமை கேட்டும் கொடி பிடித்து, ஜெயிலுக்கும் போய் வந்த தலைமுறை. நில உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்த மிராசு நிலத்தில் எங்களுக்கும் ஒரு துண்டு பட்டாவானது. அதில் அண்ணன் உழுதார், நான் படித்தேன். அவர் உழாவிட்டால் நான் படித்திருக்க முடியாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் கண்ணீர் வரவழைக்கச் சொன்னதாக நினைப்பீர்கள்.

அந்த நிலத்துக்கு அடுத்தாற்போல் இருந்த வயல்களை ஒவ்வொன்றாக வாங்கி ஒருவர் இறால் பண்ணை போட்டார். நெல் விளைந்த இடத்தில் குளம் வெட்டி உவர்நீரை ஏற்றினார்கள். குளத்துத் தண்ணீர் மதகு வழியாக ஊர் வடிகாலில் இறங்கி, எங்கள் வயல் ஓரமாகவே போய்க் கடலில் சேரும். கடல் ஏற்றத்தில் இருக்கும்போது திறந்துவிட்டால் அது கடலுக்குப் போகாமல் எதிர்த்துக்கொண்டு வயலுக்குள் ஏறும். ஊருக்கும் பண்ணைக்கும் தகராறு அங்கேதான் ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் கட்சிக்காரர்கள் இருந்தார்கள். ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் இரண்டு பக்கமும் இருந்தன என்றால் உங்களுக்குப் புரியும்.

ஒரு வருஷம் கார்த்திகையில் பண்ணைக் குளங்களில் நோய் விழுந்தது. நோய்த் தண்ணீரை மொத்தமாகத் திறந்துவிடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஊரே போய் மதகை மூடி அதன் மேல் உட்கார்ந்துகொண்டது. சம்பா கதிர் வாங்கும் சமயம். அண்ணன் எஸ்.டி.டி. பூத்தில் இருந்து எனக்கு போன் செய்தார். பல நாள் மழை அன்றைக்குத்தான் விட்டிருந்தது.

"பாப்பா, மதகை அடைச்சு உக்காந்துட்டோம். ஒரு சொட்டு வெளிய போகல, போகவும் விட மாட்டோம். மழையிலகூட ஒருத்தரும் எந்திரிக்கல தெரியுமா?"

"தலையைத் துவட்டுனீங்களாண்ணே?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அடிக்கடி கேட்டதில்லை.

மழை விட்டு வானம் வெளுத்த அதே நாளில்தான் செயற்கைக்கோள் எங்கள் கரையைக் கடந்துபோனது. மழைக்காலத்தில் மேகமில்லாத ஒரு நாள் கிடைப்பது பெரிய விஷயம். டெல்டாக் கரை முழுக்க, எங்கள் ஊர் முகத்துவாரம் உட்பட, செக்கச்செவேலென்று ஒரு படம் வந்தது. வண்டல்தான். அப்போதெல்லாம் படம் தயாராகி வெளியே போகச் சில நாள் ஆகும். மழைக்குப் பிந்திய கடல் என்று ஒரு குறிப்போடு பத்திரிகைகளுக்கும் கொடுத்தார்கள்.

அதற்குள் ஊரில் விஷயம் முற்றிவிட்டது. மறுபடியும் மேகம் கூடியிருந்த ஒரு நாள், மதகு மேல்தானே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று பண்ணைக்காரர்கள் வேறு பக்கத்தில் ஆள் வைத்துக் குளத்துக் கரையை வெட்டிவிட்டார்கள். ஒரு குளத்துத் தண்ணீர் அப்படியே வடிகாலில் இறங்கியது. முகத்துவாரத்தில் மீன் செத்து மிதந்தது. கைகலப்பாகி இரண்டு பக்கமும் மண்டை உடைந்தது. அதற்கு மறுநாள் பேப்பரில் எங்கள் படம் வந்தது. நாங்கள் எழுதிய குறிப்பில் பாதி இல்லை, தேதி இல்லவே இல்லை.

செத்த மீனைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தால் யாருக்கும் வேறு எதுவும் தோன்றாது. எனக்கே தோன்றியிருக்காது. ஊர்க்காரர்கள் அதைப் பெரிதாக்கிப் போஸ்டர் அடித்தார்கள். 'கடலை ரத்தமாக்கிய இறால் பண்ணை! விண்ணில் இருந்து சாட்சி!' என்று திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டு முழுக்க ஒட்டினார்கள். கலெக்டர் இரு தரப்பையும் பேச்சுக்கு அழைத்தார். படத்தைப் பற்றிச் சொல்ல எங்கள் அலுவலகத்தில் இருந்தும் ஒருவரை வரச் சொன்னார்.

நான் பிரிவுத் தலைவரிடம் போய், அது என் ஊர், மதகு மேல் உட்கார்ந்திருப்பவர் என் அண்ணன் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வேற ஆளை அனுப்பட்டுமாம்மா?"

யோசித்தேன். வேறு ஒருவர் போனால் படத்தின் தேதியைச் சொல்வார். அந்தத் தேதியில் மதகு மூடியிருந்தது என்பது அவருக்குத் தெரியாது. அது எங்கள் அலுவலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். நான் போகாமல் இருப்பதும் ஒரு வகையில் மறைப்பதுதான் என்று பட்டது.

"நானே போறேன் சார்."

"போங்க. உள்ள போனதும் முதல் வேலையா அண்ணன் விஷயத்தைச் சொல்லிடுங்க. அப்பறமாத் தெரிஞ்சா நீங்க சொல்ற எதுவும் நிக்காது" என்றார். வேறு அறிவுரை எதுவும் அவர் தரவில்லை. எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

கூட்டத்துக்கு முந்தின நாள் ஊருக்குப் போனேன். வீட்டு வாசலிலேயே அந்தப் போஸ்டர் ஒட்டியிருந்தது. அண்ணனைத் தனியே அழைத்து, "அண்ணே, இந்தப் படம் நீங்க மதகுல உக்காந்து எனக்கு போன் பண்ணுனீங்களே, அன்னைக்கு எடுத்தது. கரை வெட்டுனது அதுக்கப்பறம்" என்றேன்.

அவர் போஸ்டரைப் பார்த்தார். கெட்டிக்காரர், ஒரு முறை சொன்னால் போதும். கிளம்பியிருந்த ஒரு மூலையை விரலால் அழுத்தி ஒட்டினார். பிறகு, "கரையை வெட்டுனது பொய்யா? மீனு செத்தது பொய்யா?" என்றார்.

"இல்லண்ணே. அதெல்லாம் நெசம்தான்."

"அப்ப நீ ஒண்ணும் பொய் சொல்ல வேணாம். கேட்டதுக்குப் பதில் சொல்லு. கேக்காததைச் சொல்லாத. அவ்வளவுதான் நான் கேக்கறது."

சின்ன வயதில் இருந்து அவர் என்னிடம் எதுவுமே கேட்டதில்லை. அன்றைக்குத்தான் முதல் முறை கேட்டார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அண்ணி சாப்பிடக் கூப்பிட்டாள், போய் உட்கார்ந்தோம்.

கலெக்டர் அலுவலகக் கூட்ட அறையில் ஒரு பக்கம் பண்ணை மேனேஜரும் அவர்களுடைய வக்கீலும். எதிரில் ஊர்க்காரர்களும் மீனவர் பஞ்சாயத்தாரும், அவர்களில் அண்ணனும். தாசில்தாரும் போலீசும் சுவரோரம். நான் எழுந்து, "சார், எதிர்ல உக்காந்திருக்கறவரு என் கூடப் பொறந்த அண்ணன்" என்றேன். வக்கீல் உடனே ஆட்சேபம் சொன்னார். "முதல்ல என்ன சொல்றாங்கன்னு கேப்போம்" என்றார் கலெக்டர். இளைஞர்தான், நிதானமானவர். போஸ்டரை விரித்தார்.

"இது உங்க ஆபீஸ் படம்தானா?"

"ஆமா சார்."

"சிவப்பா இருக்கறது நம்ம முகத்துவாரம்தானே?"

"ஆமா சார்."

அவ்வளவுதான். தலையாட்டிவிட்டு அவர் பண்ணை மேனேஜர் பக்கம் திரும்பிவிட்டார். கேட்டதற்கெல்லாம் உண்மையான பதிலைச் சொல்லியாயிற்று. அண்ணன் கேட்டபடியே ஆகிவிட்டது. வக்கீலுக்கும் தேதி கேட்கத் தோன்றவில்லை. என்னை விரட்டுவதிலேயே அவர் கவனம் போய்விட்டது. ஊர் ஜெயிக்கப் போகிறது என்பது அறையிலேயே தெரிந்தது. மீனவர் பஞ்சாயத்தில் ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

நியாயம் அவர்கள் பக்கம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, இன்றைக்கும் இல்லை. என் படம்தான் அவர்கள் பக்கம் இல்லை. இந்த இரண்டும் வேறு வேறு என்பது உட்கார்ந்து யோசித்தால் யாருக்கும் விளங்கும். அந்த நாற்காலியில் விளங்குவது கஷ்டம்.

"சார், இன்னும் ஒண்ணு சொல்லணும்" என்றேன். "இந்தப் படம் மீன் செத்தப்ப எடுத்தது இல்ல. அதுக்கு முன்னாடி, மழை விட்ட அன்னைக்கு எடுத்தது. அன்னைக்குப் பண்ணை மதகு மூடியிருந்துச்சு. ஊர்க்காரங்கதான் மூடி உக்காந்திருந்தாங்க. கரை உடைஞ்சது பின்னாடி. இந்தச் சிவப்பு பெரும்பாலும் மழை கொண்டுவந்த வண்டல். பண்ணைத் தண்ணி இந்தப் படத்துல இல்ல."

முதலில் வாய் திறந்தவர் பண்ணை மேனேஜர்.

"அப்பறம் என்ன சார்? கவர்ன்மெண்ட் சயின்டிஸ்டே சொல்லிட்டாங்க. எங்க தண்ணியால எந்தப் பாதிப்பும் இல்லன்னு ஆயிடுச்சு."

"அப்படி நான் சொல்லல" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "கரை வெட்டுன அன்னைக்கு மேகம். படமே கெடையாது. படம் இல்லாத நாளைப் பத்தி உங்களுக்காகவும் பேச மாட்டேன், அவங்களுக்காகவும் பேச மாட்டேன். அந்த வடிகாலு எங்க படத்துல ஒரு புள்ளி அகலம்கூட வராது. வயல்ல உப்பு ஏறுதான்னு வானத்துல போய்க் கேக்காதீங்க சார். மண்ணை எடுத்துப் பாருங்க, கெணத்துத் தண்ணியை எடுத்துப் பாருங்க."

பின்வரிசையில் இருந்து ஒரு மீனவப் பெண் எழுந்தாள். "அப்ப எங்க மீனெல்லாம் சும்மாவா செத்துச்சு? நீயே சொல்லு!"

"மேகத்துக்குக் கீழ நடந்தது எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

என் வேலையில் நான் பேசிய வாக்கியங்களிலேயே கஷ்டமானது அதுதான். உள்ளுக்குள் எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் நான் அங்கே ஊர்ப் பெண்ணாகப் போகவில்லை.

மண்ணையும் தண்ணீரையும் எடுத்துப் பரிசோதிக்கக் கலெக்டர் உத்தரவு போட்டார். முடிவு வரும்வரை பண்ணையை மூட முடியாது, ஊரும் மதகைவிட்டு எழுந்துவிட வேண்டும், தண்ணீரைக் கடல் உள்வாங்கும் வற்ற நேரம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும் என்றார். வெளியே வரும்போது யாரோ, "படிச்சதுக்கு ஊருக்கு நல்லாச் செஞ்சிட்ட" என்றார்கள். அண்ணன் என்னைப் பார்க்காமலேயே வேனில் ஏறிக்கொண்டார்.

பண்ணைக்காரர்கள் வற்றத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஏற்றத்திலேயே திறந்துவிட்டார்கள். வடிகால் ஓரத்துப் பயிரெல்லாம் பால் பிடிக்கிற சமயத்தில் வெளுத்துப்போனது. அண்ணன் வயலில் பாதி போய்விட்டது. பரிசோதனை முடிவு பிறகு வந்தது. மண்ணிலும் கிணற்றிலும் உப்பு ஏறியிருந்தது என்று தெளிவாகவே வந்தது. அதை வைத்து அந்த மதகை நிரந்தரமாக அடைக்க உத்தரவானது. ஆனால் அதற்குள் அந்த வருஷத்து நெல் முடிந்துபோயிற்று.

பின்னாளில் இந்தக் கதையைக் கேட்ட சிலர், "நீங்க அன்னைக்கு உண்மையைச் சொன்னதாலதான் மேடம் கடைசியில ஊர் ஜெயிச்சுது" என்று சொல்வார்கள். அப்படிச் சொல்லாதீர்கள். ஊர் ஜெயித்தது மண்ணாலும் கிணற்றாலும். நான் பேசியதற்கு அந்த வருஷம் கிடைத்தது நஷ்டம், அதுவும் எனக்கு இல்லை. மாதம் பிறந்தால் எனக்குச் சம்பளம் வந்தது. நீங்களும் ஒருநாள் 'இந்தப் படம் அதைக் காட்டவில்லை' என்று சொல்ல வேண்டி வரும். சொல்லுங்கள், தயங்காதீர்கள். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடாதீர்கள். யாருக்கு நஷ்டமோ அவர் இருக்கும் இடத்துக்குப் போய், அவர் முகத்தைப் பாருங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் தை மாதம் போனேன். யாரும் கூப்பிடவில்லை. "வா பாப்பா" என்று ஓடி வரும் அண்ணி, அன்றைக்கு ஆபீசர் யாரோ வந்ததுபோல் "வாங்க, உக்காருங்க" என்றாள். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அண்ணன் வயலில் இருந்தார். நல்ல பக்கத்து நெல்லை ஆட்கள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். வடிகால் பக்கம் சாவியாகப் போய் மணி பிடிக்காமல் வெறும் தாளாக நின்றதை அவர் மட்டும் தனியாக அறுத்துக்கொண்டிருந்தார். வரப்பில் உட்கார்ந்தேன். அவர் நிமிரவில்லை.

"என் மேல கோவமாண்ணே?"

"ஆமா."

"நான் பேசாம இருந்திருக்கணும்ங்கறீங்களா?"

அரிவாளை நிறுத்தினார். அறுத்த பிடியைக் கீழே போட்டுவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"இல்ல. மதகு மேல உக்காந்திருந்தவன் நான். அது எந்த நாளுன்னு உன்னையவிட எனக்குத்தான் நல்லாத் தெரியும். அந்த ரூம்புல எந்திரிச்சுச் சொல்ல வேண்டியவன் நான் பாப்பா. நான் எந்திரிக்கல, நீ எந்திரிச்ச. அதான் கோவம்."